காரணம் எழுதாத பதிவுகள்

நெறியாளர் கேட்டவை மூன்று சிறிய கேள்விகள். ஆய்வேட்டின் நான்காம் இயலில், நேர்காணல் தந்த 64 பெண்களில் 38 பேர் மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கியிருந்தனர் என்று எழுதப்பட்டிருந்தது. எட்டு மாதங்களுக்கு முன் ஒரு கருத்தரங்குக்கு அனுப்பிய சுருக்கத்தில் அதே எண் 41 என்று இருந்தது. “எது சரி அம்மா? எப்போது மாறியது? ஏன் மாறியது?” என்று கேட்டார். குரலில் கண்டிப்பு ஏதுமில்லை. தேர்வாளர் கேட்பதற்கு முன் தாம் கேட்டுவிட வேண்டும் என்ற அக்கறைதான்.

முதல் கேள்விக்கு அந்த ஆய்வு மாணவி உடனே விடை சொன்னாள்: 38 தான் சரி. இரண்டாவதற்கு ஒரு மணி நேரம் தாருங்கள் என்றாள். மூன்றாவதற்கும் அதற்குள் விடை கிடைத்துவிடும் என்றே நம்பினாள். அவளுடைய ஆய்வுக் கோப்புகள் அனைத்தும் கிட் என்னும் பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவிக்குள் இருந்தன. பதினொரு மாதங்களாக ஒவ்வொரு மணி நேரமும் ஒரு சிறுநிரல் அவற்றைத் தானாகவே பதிந்துகொண்டிருந்தது. வரலாற்றில் எழுதப்படாதது ஏதும் இருக்க முடியாது என்பது அவள் எண்ணம்.

அவள் ஹைதராபாத்தில் சமூகவியல் ஆய்வு செய்பவள். பழைய மகபூப்நகர் மாவட்டத்தின் வறண்ட ஊர்களிலிருந்து கட்டட வேலைக்கு வரும் பெண்களின் கடனும் கூலியும் அவளது பொருள். அந்தப் பகுதிக்குப் பாலமூர் என்று இன்னொரு பெயர் உண்டு. ‘பாலமூர்க் கூலி’ என்ற சொல்லுக்குப் பின்னால் பல தலைமுறைகளின் இடப்பெயர்வு இருக்கிறது. ஊரில் மேஸ்திரி முன்பணம் தருகிறார். அந்தப் பணம் கழியும்வரை குடும்பம் அவர் சொல்லும் இடத்தில் வேலை செய்கிறது. யாரிடம் எவ்வளவு வாங்கினார்கள், எவ்வளவு கழிந்தது என்று அந்தப் பெண்கள் சொன்னது மேஸ்திரியின் காதுக்கு எட்டினால் அடுத்த பருவத்தில் வேலை இல்லாமல் போகலாம். ஆகவே ஒவ்வொரு நேர்காணலின் தொடக்கத்திலும் அவள் ஒரு வாக்குறுதி தந்தாள்: உங்கள் பெயர் என்னைத் தாண்டிப் போகாது.

நேர்காணல்கள் அனைத்தும் எண்ணிட்ட கோப்புகளாயின. எந்த எண் எந்தப் பெண்ணுடையது என்பதைச் சொல்லும் ஒரே அட்டவணை, கடவுச்சொல் இட்டுப் பூட்டிய பென் டிரைவ் ஒன்றில் மேசை இழுப்பறைக்குள் இருந்தது. அறவியல் குழுவுக்கு அளித்த விண்ணப்பத்திலும் அப்படியே எழுதியிருந்தாள்.

பதிப்புக் கட்டுப்பாட்டுக்கு அவள் வந்தது அச்சத்தினால். இரண்டாம் ஆண்டில் மடிக்கணினியின் வட்டு ஒரு காலையில் நின்றுபோனது. இரண்டு வார எழுத்துப்பெயர்ப்பு அதனுடன் போனது. அதுவரை ‘இறுதி’, ‘இறுதி 2’, ‘திருத்திய இறுதி’ என்று கோப்புகளுக்குப் பெயரிட்டு வந்தவள், ஒரு பயிலரங்கில் கிட் கற்றாள். ஆனால் கற்றதும் கடைப்பிடிப்பதும் ஒன்றல்ல. களத்திலிருந்து மாலை ஏழு மணிக்குத் திரும்பி, ஒலிப்பதிவைக் கேட்டு எழுதி முடிக்க நள்ளிரவாகும். அந்த நேரத்தில் மாற்றங்களைத் தெரிவுசெய்து, ஒரு செய்தி எழுதிப் பதிந்து, சேவையகத்துக்கு அனுப்பும் பொறுமை யாருக்கு இருக்கும்? மூன்று வாரங்கள் ஒரு பதிவும் செய்யாமல் கழிந்தபோது, இதை மனிதர் செய்ய வேண்டாம், கணினியே செய்யட்டும் என்று முடிவுசெய்தாள்.

சிறுநிரல் நான்கே வரிகள். ஆய்வுக் கோப்புறைக்குச் செல். ‘கிட் ஆட்’ கட்டளையால் அங்குள்ள அனைத்தையும் சேர். ‘கிட் கமிட்’ கட்டளையால் ‘தானியங்கிப் பதிவு’ என்ற செய்தியுடன் தேதியையும் நேரத்தையும் இட்டுப் பதி. ‘கிட் புஷ்’ கட்டளையால் சேவையகத்துக்கு அனுப்பு. லினக்ஸில் குறித்த நேரத்துக்கு வேலைகளை இயக்கும் கிரான் என்ற ஏற்பாட்டில் அதைச் சேர்த்து, மணிக்கு ஒருமுறை ஓடச் செய்தாள்.

அது முதல் நாளே ஓடவில்லை. கையால் இயக்கும்போது ஒழுங்காக ஓடிய நிரல் கிரானில் நின்றுபோனது. இதைச் சந்திக்காத ஆய்வு மாணவர் அரிது. கிரான் இயக்கும் நிரலுக்குப் பயனரின் முழுச் சூழல் கிடைப்பதில்லை. கட்டளைகளைத் தேடும் பாதை மிகச் சுருங்கியது. சேவையகத்தில் நுழைவதற்கான திறவுகோலை நினைவில் வைத்திருக்கும் துணைநிரலும் அதன் கண்ணுக்குத் தெரிவதில்லை. கடவுச்சொல் கேட்டால் பதில் சொல்ல எதிரில் ஆளும் இல்லை. கிட்ஹப் 2021 ஆகஸ்டு 13 முதல் கிட் செயல்களுக்குக் கணக்கின் கடவுச்சொல்லை ஏற்பதை நிறுத்திவிட்டதால் அந்த வழியும் இல்லை. அவள் கடவுத்தொடர் இல்லாத தனித் திறவுகோல் ஒன்றை உருவாக்கி அதைத் தாண்டினாள்.

அடுத்த தடை நுட்பமானது. பதிய மாற்றம் ஏதும் இல்லாதபோது ‘கிட் கமிட்’ தோல்விக் குறியீட்டுடன் முடிகிறது. பிழை வந்தால் உடனே நில் என்று நிரலின் முதல் வரியில் அவள் எழுதியிருந்ததால், அவள் உறங்கும் நேரத்தில் எல்லாம் நிரல் தோற்று நின்றது. தீர்வு ஒன்று கிடைத்தது: கட்டளைக்குப் பின் இரண்டு நிமிர்கோடுகளும் ‘ட்ரூ’ என்ற சொல்லும். ‘முந்தையது தோற்றாலும் வெற்றி என்றே கொள்’ என்பது அதன் பொருள். ஒரு வரிக்குத் தேவைப்பட்டதை அவள் மூன்று வரிகளுக்கும் சேர்த்தாள். அதன்பின் அந்த நிரல் ஒருபோதும் தோற்கவில்லை. தோற்பதற்கு அதனிடம் சொல்லே இல்லாமல் போனது.

பதிப்புக் கட்டுப்பாட்டுக் கட்டளைகளை நிரலுக்குள் வைப்பதை அவளுடைய சோம்பல் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அந்தத் துறையின் ஒரு பகுதியே அப்படித்தான் பிறந்தது. ஆம்ஸ்டர்டாமில் டிக் குரூன் என்ற விரிவுரையாளர் 1984-85இல் தம் மாணவர் இருவருடன் ஒரு சி மொழித் தொகுப்பியை எழுதிக்கொண்டிருந்தார். ஒருவர் காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை வேலை செய்பவர். மற்றவருக்கு நேர ஒழுங்கு இல்லை. விரிவுரையாளருக்கோ மாலைகள் மட்டுமே கிடைத்தன. ஒருவர் கோப்பைப் பூட்டினால் மற்றவர் காத்திருக்க வேண்டிய ஆர்.சி.எஸ். என்ற அன்றைய கருவி இவர்களுக்குப் பொருந்தவில்லை. அதன் கட்டளைகளைச் சுற்றி அவர் ஷெல் நிரல்கள் சிலவற்றை எழுதினார். 1986இல் அவற்றைப் பொதுவில் வெளியிட்டார். அதுதான் சி.வி.எஸ்.; பின்னர் 1989இல் பிரையன் பெர்லினர் அதைச் சி மொழியில் மாற்றி எழுதினார். பல ஆண்டுகள் உலகின் திறந்த மூலநிரல் பணிகளுக்கு அடித்தளமாக இருந்த ஒரு கருவி, நேரம் ஒத்துவராத மூன்று பேருக்காக எழுதிய சிறுநிரல்களிலிருந்து வளர்ந்தது.

கிட்டின் கதையும் தொலைவில் இல்லை. லினக்ஸ் கருநிரலாளர்கள் பயன்படுத்திவந்த பிட்கீப்பரின் இலவச உரிமம் பறிபோனதும், 2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் அதை எழுதத் தொடங்கினார். தொடக்க ஆண்டுகளில் அதன் பல கட்டளைகள் ஷெல் நிரல்களாகவே இருந்தன. அதனால் கிட்டை வகுத்தோர் கட்டளைகளை இரு வகையாகப் பிரித்தார்கள். ஒரு வகைக்குப் ‘போர்சலின்’ என்று பெயர். குளியலறையின் பீங்கான் கலங்களைப் போல மனிதர் நேராகத் தொட்டுப் பயன்படுத்துவது. மற்றதற்குப் ‘பிளம்பிங்’ என்று பெயர். சுவருக்குள் ஓடும் குழாய்களைப் போல நிரல்கள் பயன்படுத்துவது. மனிதருக்கான கட்டளைகளின் வெளியீடு பதிப்புக்குப் பதிப்பு மாறலாம். நிரல்களுக்கானது மாறாமல் இருக்க வேண்டும். யார் கட்டளையிடுகிறார், கண் திறந்திருக்கும் ஒருவரா, கண்ணே இல்லாத ஒன்றா என்ற கேள்வி கிட்டின் அமைப்பிலேயே இருக்கிறது. அதை அவள் அப்போது கேட்டுக்கொள்ளவில்லை.

ஓர் எச்சரிக்கை வரத்தான் செய்தது. உடன் ஆய்வு செய்யும் தோழி ஒருத்தி அதே களஞ்சியத்தில் ஒரு திருத்தத்தை அனுப்பியிருந்தாள். அதைத் தன் பக்கம் இணைத்துக்கொள்ளாமல் அனுப்ப முயன்ற தானியங்கி நிரலைச் சேவையகம் மறுத்தது. மறுநாளும் மறுத்தது. 19 நாட்கள் ஒரு கோப்பும் சேவையகத்துக்குப் போகவில்லை. நிரலோ மணிக்கு மணி வெற்றி என்றே முடிந்தது. தற்செயலாகக் கண்டபோது அவள் கையால் இணைத்து அனுப்பிவிட்டு, வேலை மும்முரத்தில் அதை மறந்தாள்.

இப்போது நெறியாளரின் இரண்டாம் கேள்விக்காக வரலாற்றைத் திறந்தாள். 2,146 பதிவுகள். அத்தனைக்கும் ஒரே செய்தி: ‘தானியங்கிப் பதிவு’. நேரம் மட்டும் வேறு. திரையை உருட்ட உருட்ட ஒரே சொல் மழைபோல் இறங்கிக்கொண்டிருந்தது.

எண் மாறிய பதிவைக் கண்டுபிடிக்க ‘கிட் பைசெக்ட்’ உதவியது. சரியென்று தெரிந்த ஒரு பதிவையும் மாறிவிட்டதென்று தெரிந்த ஒரு பதிவையும் கொடுத்தால், அது நடுவிலுள்ள பதிவை எடுத்துத் தரும். அங்கே விடை தெரிந்ததும் மீதியில் பாதியைத் தள்ளிவிட்டு அடுத்த நடுவுக்குப் போகும். இதையும் நிரலிடம் ஒப்படைக்கலாம். அட்டவணையைக் கணக்கிட்டு, 41 என்று வந்தால் 0, வேறு எண் வந்தால் 1, கணக்கீடே ஓடாத பதிவானால் ‘இதை விட்டுவிடு’ என்று பொருள்படும் 125 என்ற முடிவுக் குறியீட்டைத் தரும் சிறுநிரல் ஒன்றை எழுதினாள். இரண்டாயிரம் பதிவுகளுக்கு ஏறத்தாழ 11 சோதனைகள் போதும். தேநீர் ஆறுவதற்குள் விடை வந்தது. ஒரு பிப்ரவரி இரவு, ஒரு மணிக்குச் செய்த பதிவு.

‘எப்போது’ என்பதற்கு நொடியளவில் விடை இருந்தது. ‘ஏன்’ என்பதற்கு ‘தானியங்கிப் பதிவு’ என்ற செய்திதான் இருந்தது.

காரணம் களக்குறிப்பேட்டில் கிடைத்தது. நீல மையில், அந்த வாரத்தின் பக்கத்தில், அவளே எழுதியிருந்தாள்: மூன்று பெண்கள் அடுத்தடுத்துத் தொலைபேசியில் அழைத்து, முன்பணம் மேஸ்திரியிடம் அன்று, உறவினரிடம் வாங்கியது என்று திருத்தினார்கள். அதன்படி மூன்று கோப்புகளின் குறியீட்டை மாற்ற வேண்டும். 41இல் மூன்று குறைய 38. நாற்பது ரூபாய் நோட்டுப்புத்தகம் சொன்னதை, 2,146 பதிவுகள் சொல்லவில்லை.

நிம்மதியுடன் அந்தப் பதிவில் மாறிய கோப்புகளின் பட்டியலை ஒருமுறை பார்த்தாள். குறியீடு மாற்றும் நிரல் எல்லா நேர்காணல் கோப்புகளின் தலைப்பையும் திருத்தி எழுதியிருந்ததால் அவை 64. குறியீட்டு அட்டவணை ஒன்று. ஆக 65 இருக்க வேண்டும். பட்டியலில் 66 இருந்தன.

அறுபத்தாறாவது, பெயர் அட்டவணை.

அந்த இரவு நடந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அழைத்த மூவரின் பெயர்கள் தெரியும்; எண்கள் தெரியாது. பென் டிரைவைத் திறந்து, நிரல் எளிதில் படிப்பதற்காக அட்டவணையின் பூட்டில்லாத படியொன்றை ஆய்வுக் கோப்புறைக்குள் வைத்தாள். பன்னிரண்டே முக்காலுக்கு வைத்தது. ஒன்றேகாலுக்கு வேலை முடிந்ததும் நினைவாக நீக்கினாள். நடுவில் ஒரு மணி அடித்தது. ‘அனைத்தையும் சேர்’ என்ற கட்டளைக்கு எது பெயர் அட்டவணை, எது குறிப்பு என்ற வேறுபாடு இல்லை. இரண்டு மணிக்கு வந்த நிரல், கோப்பு நீக்கப்பட்டதையும் கடமையாகப் பதிந்தது. அதன்பின் கோப்புறையில் தேடினால் அது இல்லை. வரலாற்றில் இருந்தது: 64 பெண்களின் பெயர், ஊர், கைப்பேசி எண்.

களஞ்சியம் பொதுவில் திறக்கப்படவில்லை என்பது ஒன்றே ஆறுதல். ஆனால் கட்டுரையை ஏற்ற ஆய்விதழின் தரவுப் பகிர்வு விதிப்படி, இன்னும் இரண்டு வாரங்களில் அவளே அதைப் பொதுவாக்க இருந்தாள். அதற்கு முன்பே அந்த அட்டவணை ஒரு நிறுவனத்தின் சேவையகத்திலும், நெறியாளர், தோழி, மூத்த ஆய்வாளர் ஆகிய மூவரின் மடிக்கணினிகளிலும் எட்டு மாதங்களாக இருந்துவந்தது. யாரும் பார்க்கவில்லை என்பது வேறு. என்னைத் தாண்டிப் போகாது என்ற சொல் அந்த இரவு ஒரு மணிக்கே உடைந்துவிட்டது.

அந்த மூத்த ஆய்வாளர் மொழித் தொழில்நுட்பத் துறையில் பணிபுரியும் மலையாளி. அவள் அவரைச் ‘சேட்டா’ என்றே அழைப்பாள். இரவு பத்து மணிக்கு விடுதி முற்றத்தில் அவரிடம் சொன்னபோது, அவர் முதலில் கேட்டது, “கிரானை நிறுத்தியாயிற்றா?” என்பதுதான். நிறுத்தவில்லை. அவர்கள் பேசத் தொடங்கிய பிறகும் நிரல் ஒருமுறை ஓடியிருந்தது. அதை நிறுத்தியபின் தான் அவர் அமர்ந்தார்.

அவர் விளக்கினார். கிட்டில் ஒவ்வொரு பதிவின் அடையாள எண்ணும் அதன் உள்ளடக்கத்திலிருந்தும் அதற்கு முந்தைய பதிவின் அடையாளத்திலிருந்தும் கணக்கிடப்படுவது. சங்கிலியின் ஒரு கண்ணியை மாற்றினால் அதற்குப் பின்னுள்ள ஒவ்வொரு கண்ணியும் மாறும். கோப்பை இன்று நீக்கிப் பதிவதால் நேற்று இருந்தது அழியாது. வரலாற்றையே மறுபடி எழுத வேண்டும். அதற்கு ‘ஃபில்டர்-ரெப்போ’ என்ற கருவி இருக்கிறது. குறித்த கோப்பை எல்லாப் பதிவுகளிலிருந்தும் நீக்கிப் புதிய சங்கிலி ஒன்றை அது அமைத்துத் தரும். அதன்பிறகும் வேலை முடியாது. பழைய படியை வைத்திருக்கும் ஒருவர் அறியாமல் ஒருமுறை அனுப்பினால், நீக்கியது திரும்பி வரும். சேவையகத்தில் பழைய அடையாள எண்ணைத் தெரிந்தவர் பழைய பதிவைச் சிலகாலம் எட்டவும் கூடும்.

ஆகவே அவர்கள் இரக்கமற்ற வழியைத் தேர்ந்தார்கள். வரலாற்றைத் திருத்தியபின் அதைப் புதிய களஞ்சியத்தில் இட்டு, பழையதைச் சேவையகத்திலிருந்து முழுவதும் அகற்றினார்கள். மூவரும் தத்தம் கணினியிலிருந்த படிகளை அழித்து, அழித்ததாக எழுதித் தந்தார்கள். காப்பு வட்டு ஒன்றும் இருந்தது. அதைத் தோழிதான் நினைவூட்டினாள். அந்த வாரமே அறவியல் குழுவுக்கு நடந்ததை நடந்தபடி இரண்டு பக்கங்களில் எழுதினாள். நெறியாளர் அதைப் படித்துவிட்டு ஒரு சொல்லையும் திருத்தாமல் கையெழுத்திட்டார். “பெண்களுக்குச் சொல்ல வேண்டாமா?” என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்வியை அவள் தவிர்த்துவந்தாள். தீங்கு ஏதும் நேரவில்லை, சொன்னால் வீண் அச்சம்தானே என்ற வாதம் அவளிடம் தயாராக இருந்தது. ஆனால் ஒப்புதல் படிவத்தைப் படித்துக் காட்டியபோது, தரவு கைமீறினால் தெரிவிப்பேன் என்றும் அவளே சொல்லியிருந்தாள். ஊர் திரும்பியவர்களுக்குத் தொலைபேசியில் சொன்னாள். நகரில் இருந்தவர்களை நேரில் பார்த்தாள்.

நகரின் மேற்கே, எழும்பிவரும் அடுக்ககம் ஒன்றின் பின்புறத்தில், நீலத் தார்ப்பாய்க் குடிசைகளுக்கு முன்னால் அமர்ந்து, அவள் தனக்குத் தெரிந்த தெலுங்கில் சொன்னாள். கணினி, சேவையகம் என்ற சொற்களை எல்லாம் விட்டுவிட்டு, உங்கள் பெயர் எழுதிய தாளை நான் ஒரு இரவு மேசைமேல் வைத்துவிட்டேன். என்னுடன் வேலை செய்யும் மூவரின் வீட்டுக்கு அது போய்விட்டது. இப்போது எல்லாவற்றையும் கிழித்துவிட்டேன் என்றாள். ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. அவர் அவளைத் ‘தல்லி’ என்றுதான் அழைப்பார்.

“மேஸ்திரி பார்த்தானா, தல்லி?”

“இல்லை, அக்கா.”

“அவனும் ஒரு நோட்டு வைத்திருக்கிறான். சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை எழுதுகிறான். என்ன எழுதினான் என்று கணக்கு முடிக்கும் நாளில்தான் தெரிகிறது. ஏன் இவ்வளவு என்று கேட்டால், நோட்டில் இருக்கிறது என்கிறான்.”

அவர் அதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. எழுதிவைக்கும் எல்லோரையும் பற்றித் தாம் அறிந்ததைச் சொன்னார். பிறகு, தம்முடைய பேச்சை அதிலிருந்து எடுத்துவிடும்படி கேட்டார். கோபமில்லை, மகளுக்கு அடுத்த ஆண்டு கல்யாணம், மேஸ்திரியிடம்தான் மறுபடி வாங்க வேண்டும் என்றார். அவள் சரி என்றாள். ஏன் என்று மறுத்துக் கேட்கவோ, எண்கள் குறையும் என்று எண்ணவோ அவளுக்கு அங்கே உரிமை இல்லை.

திரும்பும் வழியில் மெட்ரோ ரயிலில் அவளை உறுத்தியது ஒன்றுதான். மேஸ்திரியின் நோட்டும் அவளது நிரலும் ஒரே வேலையைச் செய்தன: தவறாமல் எழுதின, காரணம் எழுதவில்லை, எழுதப்பட்டவரைக் கேட்கவில்லை. தவறாமல் எழுதுவதையே நேர்மை என்று அவள் பதினொரு மாதங்கள் எண்ணியிருந்தாள்.

தானியக்கத்தையே கைவிடலாம் என்று முதலில் தோன்றியது. சேட்டன் அதை ஏற்கவில்லை. “வட்டு நின்ற காலையை மறந்துவிட்டாயா?” என்றார். காப்பாக வைப்பது ஒரு வேலை. வரலாறு எழுதுவது வேறொரு வேலை. இரண்டையும் ஒரே கட்டளையிடம் கொடுத்ததுதான் பிழை என்றார். அந்தப் பிரிவினையின்படி அவள் நிரலை மறுபடி எழுதினாள். நான்கு வரிகள் ஏறத்தாழ எழுபதாயின.

முதலில், பெயர் அட்டவணை ஆய்வுக் கோப்புறைக்குள் எக்காரணத்தாலும் வராது. தேவைப்படும் நிரல் அதைப் பென் டிரைவிலிருந்தே நேராகப் படிக்கும். புறக்கணிப்புப் பட்டியலில் அதன் பெயரைச் சேர்த்தது இரண்டாம் பூட்டுதான், முதற்பூட்டு அன்று. ‘அனைத்தையும் சேர்’ என்ற கட்டளை நீங்கியது. அனுமதித்த மூன்று உட்கோப்புறைகளின் பெயர்கள் மட்டும் இருக்கின்றன. புதிதாக ஏதேனும் முளைத்தால் நிரல் அதைத் தொடாமல், இப்படியொன்று இருக்கிறது என்று அவளுக்குத் தெரிவிக்கும்.

பதிவதற்கு முன், சேர்த்த வரிகளில் 6 முதல் 9 வரையான இலக்கத்தில் தொடங்கும் பத்திலக்க எண் ஏதும் உண்டா என்று ஒரு சோதனை ஓடும்; இருந்தால் பதிவு மறுக்கப்படும். கிட்டில் இத்தகைய சோதனைகளுக்குக் கொக்கிகள் என்ற ஏற்பாடு உண்டு. ஆனால் அவை களஞ்சியத்தைப் படியெடுக்கும்போது உடன் வருவதில்லை. ஒரு தெரிவைச் சேர்த்தால் அவற்றைத் தாண்டியும் விடலாம். ஆகவே சேவையகத்திலும் அதே சோதனை இரண்டாம் முறை ஓடுகிறது.

வெற்றியைப் பொய்யாகச் சொல்லவைத்த ‘ட்ரூ’ மூன்று இடங்களிலும் போனது. மாற்றம் உண்டா இல்லையா என்பதைத் தனியே கேட்கும் வழி கிட்டிலேயே இருக்கிறது: சேர்த்தவற்றின் வேறுபாட்டை ஓசையின்றிக் கேட்டால், மாற்றம் இல்லையெனில் 0, உண்டெனில் 1, வேறு எண் வந்தால் அது உண்மையான பிழை. மாற்றமில்லாமையும் தோல்வியும் இப்போது வேறு வேறு. தோல்வியானால் நிரல் நின்று, காரணத்தை மின்னஞ்சலாக அனுப்புகிறது. ஒன்று முடிவதற்குள் மற்றொன்று தொடங்காதபடி ஒரு பூட்டும் உண்டு. கிட் தானே விட்டுச்செல்லும் பூட்டுக் கோப்பு எஞ்சியிருந்தால் அதை நிரல் நீக்காது. அதை ஒரு மனிதர் பார்த்துத்தான் நீக்க வேண்டும்.

மணிக்கு மணி எடுக்கும் நகல்கள் ‘காப்பு’ என்ற தனிக் கிளைக்குப் போகின்றன. அந்தக் கிளை அவளது கணினியையும் மறைகுறியிட்ட ஒரு வட்டையும் தாண்டாது. முதன்மைக் கிளையில் நிரல் எதையும் எழுதாது. அங்கே பதிவது அவள் மட்டுமே, நாள் முடிவில், கையால், காரணத்துடன். ஆய்வேட்டின் ஒவ்வோர் அட்டவணைக்கும் கீழே அதை உருவாக்கிய பதிவின் அடையாள எண் தானாக அச்சாகிறது. பதியாத மாற்றங்கள் இருக்கும்போது உருவாக்கினால் ‘பதியாதது’ என்ற குறியும் சேர்கிறது. இனி யார் எண்ணைக் கேட்டாலும் விடை அந்த அட்டவணையின் கீழேயே இருக்கும்.

கையால் எழுதத் தொடங்கியபின் அவள் கண்டது ஒன்று. செய்தி எழுத அமர்ந்தால், அன்று செய்ததில் பாதிக்குக் காரணம் அவளுக்கே தெளிவாக இல்லை. இரண்டு நாட்கள், எழுத முடியாததால் மாற்றத்தையே திரும்பப் பெற்றாள். நெறியாளர் ஆண்டுகளாகச் சொல்லிவந்ததை, அந்த ஒரு வரி நாள்தோறும் கேட்டது.

நான்காம் இயல் மறுபடி திருத்தப்பட்டது. விலகிய பெண்ணின் நேர்காணல் எல்லா அட்டவணைகளிலிருந்தும், ஃபில்டர்-ரெப்போவின் இரண்டாம் ஓட்டத்தால் வரலாற்றிலிருந்தும் நீங்கியது. அவர் மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கியவர்களில் ஒருவர். எண் 38இலிருந்து 37 ஆனது. 64இலிருந்து 63 ஆனது. வாக்கியங்கள் மாறின, இரண்டு விழுக்காடுகள் மாறின, ஆய்விதழுக்கு ஒரு திருத்தக் கடிதம் போனது.

அன்றிரவு முதன்மைக் கிளையில் அவள் எழுதிய செய்தி இது: “பங்கேற்பாளர் ஒருவர் தம் ஒப்புதலைத் திரும்பப் பெற்றார், அவரது நேர்காணல் நீக்கப்பட்டது. 38/64 என்பது 37/63 ஆகிறது. காரணம் கேட்கப்படவில்லை. பெயர் அட்டவணை வெளிப்பட்ட பிழை என்னுடையது. விவரம் அறவியல் குழுவுக்கு அளித்த கடிதத்தில் உள்ளது.” இருமுறை படித்துவிட்டு, தானே விசையை அழுத்திப் பதிந்தாள். காப்பு நிரல் மறுநாள் காலை வழக்கம்போல் ஓடியது.